2015 ஈகோஸ்போர்ட் பெட்ரோல்: ஆயிலை நானே மாற்றலாமா, சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போகவா?

காரைக்குடி_பெட்ரோல் (வியாழன் இரவு)

வணக்கம். வண்டி 2015 ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 1.5 பெட்ரோல், நாலு சிலிண்டர். 78,400 கி.மீ. ஓடியிருக்கிறது. போன முறை ஆயில் மாற்றிப் பதினோரு மாதம் ஆகிறது, அதற்குப் பிறகு ஏழாயிரம் கூட ஓட்டவில்லை.

எனக்குக் கிட்டத்தில் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கே போக 90 கி.மீ., வர 90 கி.மீ. ஒரு நாள் லீவு போட வேண்டும். போன வருடம் பில் 7,640 வந்தது. அதில் ஆயிலும் ஃபில்டரும் மூவாயிரத்துக்குள்தான். மிச்சமெல்லாம் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், ஏதோ கோட்டிங் என்று கேட்டதற்கெல்லாம் நான் தலையாட்டியது. என் தப்புதான். ஆனாலும் வலிக்கிறது.

பைக்குக்கு ஆயில் மாற்றிய பழக்கம் உண்டு. காருக்கு அடியில் இதுவரை படுத்ததில்லை. மூன்று சந்தேகம். வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, இருந்தாலும் நானே மாற்றினால் பின்னால் ஏதாவது பிரச்சினை வருமா? இங்கே கடையில் மேனுவலில் சொன்ன ஆயில் இல்லை, ‘நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 போடுங்க, திக்கா நிக்கும்’ என்கிறார், போடலாமா? கழற்றிய பழைய ஆயிலை என்ன செய்வது? அப்பா இப்போதே ‘அதைக் கீழே ஊத்திடாதே, எனக்கு வேணும்’ என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மூணாவது_கியர்

தாராளமாக மாற்றலாம். முதல் தடவை இரண்டு மணி நேரம், அடுத்த தடவை நாற்பது நிமிஷம். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறை_ஓய்வு (கோவை)

தம்பி, முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். ஆயில் மாற்றுவது கஷ்டமான வேலையே இல்லை. ஆனால் கவனக்குறைவுக்கு இடம் தராத வேலை.

முதலில் ஆயில். கடைக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். 20டபிள்யூ-50 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த இன்ஜினில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. பின்னால் இருக்கும் எண்தான் 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. காரைக்குடி வெயில் 40 தொட்டாலும் இன்ஜின் உள்ளே இருக்கும் சூட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. காலையில் கிளப்பிய முதல் சில விநாடிதான் தேய்மானம் அதிகம், அந்த நேரத்தில் ஆயில் மேலே ஓடிச் சேர வேண்டும். உங்கள் இன்ஜினில் வால்வு திறந்து மூடும் நேரத்தை (கேம் டைமிங்) மாற்றும் அமைப்பே ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. தேன் மாதிரி ஆயிலை ஊற்றினால் அது சோம்பிப் போகும். மேனுவலில் 5-இல் தொடங்கும் கிரேடு போட்டிருக்கும். அதையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்டு ஸ்பெசிஃபிகேஷன் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், கேனின் பின்பக்கம் அதே எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வரவழையுங்கள், ஒரு வாரம் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 கடைசியில் வந்த மூன்று சிலிண்டர் ஈகோஸ்போர்ட்டில், வால்வுகளை இன்ஜினோடு ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள்தான் ஓடுகிறது. தப்பான ஆயில் போட்டால் பெல்ட் ரப்பர் உரிந்து, அந்தத் துகள் ஆயில் பம்ப் வாயில் போய் அடைக்கும். அந்த வண்டிக்காரர்கள் கிரேடு விஷயத்தில் ‘பரவாயில்லை’ என்ற வார்த்தையையே மறந்துவிடுங்கள்.

அடுத்து வண்டிக்கு அடியில் போவது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டாதே. இதை மட்டும் மரியாதை இல்லாமல்தான் சொல்வேன். ஸ்டாண்டு வாங்கு, இல்லையென்றால் இரும்பு ரேம்ப். அதோடு பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியைக் கழற்றிச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போடு. ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடு.

இன்ஜினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு, பத்து நிமிஷம் ஆற விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் நன்றாக இறங்கும், கொதித்தால் கை வெந்துவிடும். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனரோ திருகு ஸ்பேனரோ வேண்டாம், முனை மழுங்கிவிடும். திரும்பப் போடும்போது முதல் நாலு சுற்றும் விரலால் மட்டும். விரலுக்குப் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி போடுங்கள். சம்ப்பில், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், மரை போனால் நீங்கள் மிச்சம் பிடித்தது பல மடங்காகக் கையை விட்டுப் போகும்.

ஃபில்டர் ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, ரப்பர் தொட்டதும் கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் தேவையில்லை. நாலு லிட்டரும் சொச்சமும் பிடிக்கும். மொத்தத்தையும் கவிழ்க்காமல் மூன்றரை ஊற்றிவிட்டு, டிப்ஸ்டிக் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள்.

நெல்லை_செடான்

நான் எதிர்க்கட்சி. வண்டி சும்மா ஓடினால் போதும் என்றால் சரி. விற்கும்போது சர்வீஸ் ரெக்கார்டு கேட்பார்கள். நீங்கள் உங்கள் டைரியைக் காட்டுவீர்களா? அப்புறம் லிஃப்டில் ஏற்றி ஒருவர் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் அங்கே காசு. சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் கிழிந்திருக்கும், ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் பூட் வெடித்திருக்கும். வீட்டில் போர்ட்டிகோவில் படுத்துக்கொண்டு இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

வாரண்டி உள்ள வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம். வெளியே கை வைத்தால் போச்சு.

சட்டம்_கொஞ்சம்

@நெல்லை_செடான், கடைசி வரியில் மட்டும் ஒரு திருத்தம். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவு ஒன்று உண்டு. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடவில்லை என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த தப்பான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. ஆக நடைமுறையில், இன்ஜினில் ஏதாவது வந்து நீங்கள் போய் நின்றால் முதலில் ‘ஆயில் எங்கே மாற்றினீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். பில் இல்லாமல் வாதாட முடியாது. வாரண்டி முடியும்வரை அங்கேயே விட்டுவிடுவது நிம்மதி, அதில் எனக்கும் மறுப்பில்லை.

கேட்டவருடையது பழைய வண்டி. ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-இல் மறைமலைநகரில் கார் வேலையை நிறுத்திவிட்டது. உதிரிபாகம் கிடைக்கிறது, தூரம்தான் பிரச்சினை. ஆயில் கேன், ஃபில்டர் பில்களை ஒரு கவரில் போட்டு, தேதியும் கி.மீ.யும் எழுதி வையுங்கள். வாங்க வருகிறவருக்கு அது போதும்.

காரைக்குடி_பெட்ரோல் (ஞாயிறு காலை 6.40)

அண்ணே, எல்லாம் சொன்னபடி செய்தேன். ஆயில், ஃபில்டர், வாஷர் எல்லாம் சேர்த்து 2,980. நேற்று சாயங்காலம் முடித்துவிட்டு எங்கள் தெருவையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினேன். ஆயில் விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. வீட்டில் எல்லோரிடமும் பெருமை பேசியாகிவிட்டது.

இன்று காலை பார்த்தால் தரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆயில். டிப்ஸ்டிக்கில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போல்ட்டை இன்னும் இறுக்கவா? பதினோரு மணிக்குத் திருமயத்தில் ஒரு விசேஷம், இதே வண்டியில் போக வேண்டும்.

பட்டறை_ஓய்வு

வண்டியை ரோட்டுக்கு எடுக்காதே. விசேஷத்துக்கு பஸ்ஸில் போ.

போல்ட்டைத் தொடாதே, எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் இறுக்கினால் மரைதான் போகும். பழைய துணியால் சம்ப், போல்ட், ஃபில்டர் எல்லாவற்றையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடை. முகத்துக்குப் போடுகிற பவுடரை போல்ட்டைச் சுற்றியும் ஃபில்டர் விளிம்பைச் சுற்றியும் தூவு. அடியில் வெள்ளை அட்டை விரி. இன்ஜினை ஒரு அரை நிமிஷம் மட்டும் ஐடிலில் விட்டு அணை. பவுடர் எங்கே கறுக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு.

போல்ட் என்றால் வாஷர். ஃபில்டர் என்றால் நான் ஒன்று நினைக்கிறேன், ஆனால் நீ பார்த்துவிட்டுச் சொல்.

காரைக்குடி_பெட்ரோல் (ஞாயிறு 8.15)

போல்ட் பக்கம் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது. ஃபில்டர் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. நீங்கள் சொன்ன முக்கால் சுற்றுத்தான் திருகினேன்.

பட்டறை_ஓய்வு

கழற்று. அடியில் தட்டு வை. கழற்றியதும் ஃபில்டரைப் பார்க்காதே, இன்ஜின் பக்கத்து முகத்தை விரலால் தடவிப் பார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டியிருக்கும்.

காரைக்குடி_பெட்ரோல் (ஞாயிறு 9.05)

இருந்தது! பார்க்கத் தெரியவே இல்லை. கறுப்பாக, தட்டையாக, இன்ஜினோடு இன்ஜினாக இருந்தது. நகத்தால் நெம்பியதும் வளையல் மாதிரி கையோடு வந்தது. அதாவது இரண்டு ரப்பர், ஒன்றின் மேல் ஒன்று. நேற்றுக் கழற்றிய ஃபில்டரைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், அதன் பள்ளத்தில் ரப்பரே இல்லை. நேற்றே இதைப் பார்த்திருக்கலாம்.

புது ஃபில்டரின் ரப்பர் நசுங்கவில்லை, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. முகத்தைத் துடைத்து அதையே திரும்பப் போட்டேன். குறைந்ததை ஊற்றி, கிளப்பி, பத்து நிமிஷம் ஓட விட்டேன். பவுடர் அப்படியே இருக்கிறது.

பட்டறை_ஓய்வு

தெருவோடு திரும்பியது உன் நல்ல நேரம். ஹைவேயில் ஏறி பிரஷர் கூடினால் அந்த இரட்டை ரப்பர் பிதுங்கி, ஆயில் மொத்தமும் சில நிமிஷத்தில் ரோட்டில் கிடக்கும். விளக்கு எரிவதைப் பார்த்து நிறுத்துவதற்குள் இன்ஜின் இறுகிப் பிடித்துவிடும். இதை முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பழகிய கைக்குத் தானாக வருகிற வேலை, எழுதும்போது மறந்து போகிறது. ராத்திரி வரைக்கும் அட்டையை எடுக்காதே.

நெல்லை_செடான்

லிஃப்டில் ஏற்றியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

அது போகட்டும், பத்து வருஷ வண்டி. டைமிங் பெல்ட் மாற்றிவிட்டீர்களா? கி.மீ. குறைவு என்று விடாதீர்கள், ரப்பருக்கு வயசும் கணக்கு. அதையாவது வீட்டில் செய்யாதீர்கள்.

காரைக்குடி_பெட்ரோல் (ஞாயிறு இரவு)

பஸ்ஸில்தான் போய் வந்தோம். அட்டை சுத்தம். பெல்ட் இன்னும் மாற்றவில்லை, அதற்கு அந்த 90 கி.மீ. போகத்தான் போகிறேன். அதே லிஃப்டில் புஷ், பூட் எல்லாம் பார்க்கச் சொல்கிறேன், கோட்டிங் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே? நாலு லிட்டர் பழைய ஆயில் கேனில் இருக்கிறது. மாட்டுக் கொட்டகைக் கம்பத்துக்குக் கரையான் வராமல் பூச வேண்டும் என்கிறார் அப்பா.

சட்டம்_கொஞ்சம்

வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் ஊரில் காலம்காலமாகப் பூசுவதுதான், ஆனால் ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த கசடும் இருக்கும். மாடு கம்பத்தை நக்கும், மழையில் கரைந்து கிணற்றுப் பக்கம் போகும். 2016 விதிகளின்படி இது அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் கழிவு ஆயிலுக்கென்று பேரல் வைத்திருப்பார்கள், அங்கீகாரம் உள்ள மறுசுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் வந்து எடுப்பார்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் அதே கேனில் மூடிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபில்டரையும் ஒரு ராத்திரி கவிழ்த்து வடித்துவிட்டுக் கொடுங்கள்.

காரைக்குடி_பெட்ரோல்

கேன் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டது. அப்பா இரண்டு நாளாகப் பேசவில்லை. ரப்பர் வளையத்தை மட்டும் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கிறேன், அடுத்த வருடம் மறக்காமல் இருக்க.