காரப்பாக்கம் உள்தெரு: இரவு ஒன்பதரைக்கு மேல் நடந்து வருபவர்கள் எதை முதலில் சரிசெய்வது?

மலர்_காரப்பாக்கம்
வணக்கம். சென்னை ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) பஸ் விட்டு இறங்கி உள்ளே ஏறக்குறைய 600 மீட்டர் நடக்கணும். மெட்ரோ வேலைக்குத் தகரத் தடுப்பு வைத்ததிலிருந்து மெயின் ரோட்டில் நடைபாதையே கிடையாது. உள்ளே முன்பு ஓட்டு வீடுகளும் பத்து மணிவரை திறந்திருக்கும் பெட்டிக்கடையும் இருந்த தெரு. இப்போது இரண்டு பிஜி (பெண்கள் தங்கும் விடுதி), மூன்று அரைகுறைக் கட்டடம், நடுவில் புதர் மண்டிய காலிமனை. திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பவர் யாரும் இல்லை. பிஜி பெண்களும் தெருவில் உள்ள பெரியவர்களும் சேர்ந்து கேட்கிறோம். பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா? தற்காப்பு வகுப்பால் பிரயோஜனம் உண்டா? தெருமுனையில் கேமரா வைத்தால் போதுமா? கட்டடத் தொழிலாளர் தங்கும் ஷெட் ஒன்று இருக்கிறது, சிலருக்கு அதைப் பார்த்துப் பயம். அது நியாயமா?

தெருவிளக்கு
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்த ஷெட்டில் இருப்பவர்களும் உங்களைப் போலவே இருட்டில் நடந்து வருபவர்கள். சம்பள நாளில் பணமும் போனும் பறிகொடுப்பது அவர்கள்தான். அவர்களின் மேஸ்திரியையும் கட்டட வாட்ச்மேனையும் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இரவு முழுக்க விழித்திருப்பவர் அந்த வாட்ச்மேன் ஒருவர்தான். அவர் நாற்காலியை உள்ளே போடாமல் கேட்டுக்கு வெளியே விளக்கடியில் போடச் சொல்லி பில்டரிடம் கேளுங்கள். பெட்டிக்கடை போன இடத்தை ஓரளவு நிரப்ப இதுவே நல்ல வழி.

அடுத்தது வெளிச்சம். விளக்குக் கம்பத்தில் பெயின்டில் எழுதிய எண் இருக்கும். அதை போட்டோ எடுத்து மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். "தெருவில் விளக்கு எரியல" என்று பொதுவாகச் சொன்னால் புகார் அலைந்துகொண்டே இருக்கும். எண் சொன்னால் லைன்மேன் நேரே அந்தக் கம்பத்துக்கு வருவார். காலிமனைப் புதரை வெட்டவும் அதே எண்ணில் தனிப் புகாராகக் கொடுங்கள். இரண்டையும் ஒரே புகாரில் சேர்த்தால் ஒன்று முடிந்ததும் முழுவதும் முடிந்ததாகக் கணக்காகிவிடும்.

நடக்கும் பக்கம் முக்கியம். நம் ஊரில் வண்டி இடப்பக்கம் போகும். நீங்களும் இடது ஓரம் நடந்தால் பைக் பின்னாலிருந்து உங்கள் வலது தோளை ஒட்டி வரும், பின்சீட்டில் இருப்பவனின் இடது கை நேரே கழுத்துக்கு எட்டும். அதனால் உள்தெருவில் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்நோக்கி நடங்கள். பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். ஆனால் ராங் சைடில் வருபவர்கள் ஏராளம், ஆகவே ஒவ்வொரு சந்து முனையிலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். காதில் இயர்போன் ஒரு பக்கம்கூட வேண்டாம். வேகம் குறைந்து உங்கள் பின்னாலேயே வரும் பைக்கைக் காதுதான் முதலில் சொல்லும்.

பைக்கை நிறுத்தி அட்ரஸ் கேட்டால் இரண்டு கை தூரம் தள்ளி நின்றே பதில் சொல்லுங்கள். அவன் நீட்டும் போனையோ சீட்டையோ குனிந்து பார்க்க வேண்டாம். குனியும்போதுதான் சங்கிலி வெளியே தொங்கும்.

பெரியவர்களுக்குத் தனியாக ஒன்று. பகலில் டிப்டாப்பாக இருவர் வந்து "நாங்க போலீஸ், முன்னால ஒரு கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சுப் பையில வைங்கம்மா" என்பார்கள். மடித்துத் தருவது கல்லாகவோ கவரிங்காகவோ இருக்கும். எந்தப் போலீஸ்காரரும் ரோட்டில் நகையைக் கழற்றச் சொல்ல மாட்டார். "ஸ்டேஷன்ல வந்து கழட்டறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அருகில் உள்ள கடைக்குள் போய்விடுங்கள்.

சிலம்பக்கூடம்
பெப்பர் ஸ்ப்ரேக்கு லைசென்ஸ் தேவையில்லை, வாங்கலாம். ஆனால் ஹேண்ட்பேக்கின் அடியில் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம். பஸ் விட்டு இறங்கியதும் கையில் எடுத்துக்கொண்டு, கட்டைவிரல் பாதுகாப்பு மூடியின் மேல் இருக்கும்படி பிடித்து நடக்க வேண்டும். புகைபோல் பரவும் வகையைவிட நேர்க்கோட்டில் பீய்ச்சும் வகை நல்லது. ஓஎம்ஆரில் சாயங்காலம் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். புகை வகையைக் காற்றுக்கு எதிரே அடித்தால் உங்கள் முகத்துக்கே திரும்பும். வாங்கியதும் மொட்டைமாடியில் காற்று போகும் திசையில் அரை வினாடி அடித்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். சிறிய டப்பா இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உதவாது. அடியில் அச்சிட்ட காலாவதித் தேதி தாண்டினால் அழுத்தம் குறைந்து ஒழுகும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்கவே கூடாது.

கண் மட்டத்தில் ஒரு வினாடி அடித்ததும் பக்கவாட்டில் இரண்டடி விலகி ஓடுங்கள். அடித்துவிட்டு அங்கேயே நின்று பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு அவன் அதே நேர்க்கோட்டில் பாய்வான். குடித்திருப்பவனுக்கு எரிச்சல் உறைக்க நேரமாகும். உங்கள் மேல் பட்டால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம்.

வகுப்பு பற்றி: ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபது அடிமுறை சொல்லித் தரும் இடம் வேண்டாம். மூன்றே அசைவை வாரம் இரண்டு முறை, எதிரில் ஒருவர் உண்மையாகவே இழுத்துப் பிடிக்க, மூன்று மாதம் பழக்கும் இடம் போதும். மணிக்கட்டைப் பிடித்தால் எல்லாரும் நேராகப் பின்னுக்கு இழுப்பார்கள். அது அவன் நான்கு விரலோடு மல்லுக்கட்டுவது, ஜெயிக்காது. பிடியில் பலவீனமான இடம் அவனுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடைவெளி. உங்கள் மணிக்கட்டின் ஒடுக்கமான பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேரே திருப்பி, ஒரு அடி அவன் பக்கமே முன்வைத்து, முழங்கையை மடக்கி உங்கள் தோளை நோக்கி வெட்டி இழுங்கள். முன்னே வைக்கும் அந்த அடிதான் பலருக்கு வராது, அதைத்தான் பழக வேண்டும். பின்னாலிருந்து கழுத்தை வளைத்தால் முதல் வேலை தாடையை மார்போடு அழுத்தி அவன் முழங்கை மடிப்பின் பக்கம் முகத்தைத் திருப்புவது. மூச்சு கிடைத்தால்தான் அடுத்த எதுவும்.

கத்துவதையும் பழகணும். வெறும் "காப்பாத்துங்க" என்றால் ஆளாளுக்கு அடுத்தவர் போவார் என்று நிற்பார்கள். "நீலச் சட்டை அண்ணா, 112 அடிங்க!" என்று ஒருவரைக் குறிவைத்துக் கூப்பிடுங்கள்.

கேமராவேலை
கேமரா ஆளைத் தடுக்காது, பிறகு அடையாளம் காட்டும். அதற்குக்கூட வைக்கும் விதம் சரியாக இருக்கணும். மூன்றாம் மாடியில் வைத்தால் ஹெல்மெட்டின் மேல்பாகம்தான் பதியும். முகத்துக்கு 8 முதல் 10 அடி உயரம் போதும். நம்பர் பிளேட்டுக்குத் தெரு குறுகும் முனையில், வண்டி வேகம் குறைக்கும் ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்து தனியாக ஒன்று வையுங்கள், ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்கு இறுக்கணும். ஆட்டோ மோடில் விட்டால் இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் பிளேட் வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் தெரியும்.

கணக்கு: ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்தால் நாளுக்கு சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமரா, 2 டிபி ஹார்டு டிஸ்க் என்றால் ஏறக்குறைய 23 நாள்தான் நிற்கும். 30 நாள் வேண்டுமென்றால் 3 டிபிக்குக் குறையாமல் போடுங்கள். ரெக்கார்டரோடு கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் சேர்த்து யுபிஎஸ் வையுங்கள். ரெக்கார்டருக்கு மட்டும் வைத்தால் கரண்ட் போனதும் அது ஓடிக்கொண்டிருக்கும், படம் இருக்காது. மாதம் ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள். பத்து நிமிடம் தள்ளி ஓடும் பதிவை விசாரணையில் அடுத்த தெருப் பதிவோடு பொருத்தவே முடியாது. நீதிமன்றத்துக்குப் போனால் பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் தேவைப்படும், ஆகவே யார் பொறுப்பு என்று இப்போதே ஒருவரை முடிவு செய்யுங்கள்.

வழக்குக்கட்டு
பறிப்பு நடந்தால் புகாரில் "தொலைந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் வழக்கே பதியாமல் ரசீதோடு முடியும். "பறித்துச் சென்றனர்" என்று எழுதுங்கள். 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்பு தனிக் குற்றம், பிரிவு 304, மூன்று ஆண்டு வரை சிறை. எந்த ஸ்டேஷன் எல்லை என்று குழம்ப வேண்டாம், பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 173-இன்படி எங்கும் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திடணும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். நகை பில்லையும் ஹால்மார்க்கின் ஆறு இலக்க எச்யுஐடியையும் (நகையில் பொறித்த தனி அடையாளக் குறி) இன்றே போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். மீட்ட நகையைத் திரும்பப் பெற அதுதான் ஆதாரம். போன் போனால் எஃப்ஐஆர் நகலோடு சிஇஐஆர் என்ற அரசுத் தளத்தில் ஐஎம்இஐயை (போனின் அடையாள எண்) முடக்கலாம். அந்த எண்ணை *#06# அடித்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

தற்காப்பு உரிமை அதே நியாய சன்ஹிதாவில் பிரிவு 34 முதல் 44 வரை. ஆபத்து இருக்கும் வரைதான் அந்த உரிமை, தேவைக்கு மேல் காயம் ஏற்படுத்தக் கூடாது. ஸ்ப்ரே அடித்து அவன் விழுந்த பிறகு தெருவே சேர்ந்து உதைத்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். பிடித்து உட்கார வைத்து 112-க்கு அடியுங்கள்.

மலர்_காரப்பாக்கம்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கம்ப எண்களை நாளைக்கே எடுக்கிறோம். ஒன்று மட்டும்: பக்கத்து வீட்டு அம்மா தாலிக்கொடியை ஊக்கு போட்டு ஜாக்கெட்டோடு கோத்துக்கொண்டு போகிறார். அது சரியா?

தெருவிளக்கு
வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓடும் பைக்கிலிருந்து இழுக்கும்போது ஊக்கு தாங்கினால் சங்கிலியோடு ஆளையும் சேர்த்து இழுக்கும். கழுத்து அறுபடும், தலை தரையில் மோதும். இரவு நடைக்கு மஞ்சள் கயிறு போட்டுக்கொண்டு கொடியை வீட்டில் வைக்கலாம். மனசு ஒப்பவில்லை என்றால் கழுத்து மூடிய ஜாக்கெட், முந்தானையை இரு தோளிலும் சுற்றிப் போர்த்தி சங்கிலி வெளியே மின்னாமல் பார்த்துக்கொள்ளட்டும். இழுத்துவிட்டால் பிடித்துப் போராட வேண்டாம். கையை விட்டுவிட்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது, நம்பரின் கடைசி நான்கு இலக்கம், பின்னால் இருந்தவன் சட்டை நிறம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 112 அடிக்கச் சொல்லுங்கள்.