அவகாடோ எண்ணெயால் அம்மாவுக்கு அரிப்பு, ஊஞ்சல் பலகையில் பிசுக்கு: என்ன செய்வது?

அல்சூர் மகள்:
பெங்களூரில் இருக்கிறோம். தோல் வறட்சிக்கென்று அம்மா அவகாடோ எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார். இப்போது கழுத்து சிவந்து அரிக்கிறது. அதே எண்ணெயை ஊஞ்சல் பலகைக்கும் பூசினேன். காயவே இல்லை, தூசிதான் அப்புகிறது. இந்த எண்ணெயே ஆகாததா?

ஜெயநகர் தாத்தா:
பழியை எண்ணெய் மேல் போடுவதற்கு முன் சொல்லுங்கள் அம்மா, சீசா எங்கே இருக்கிறது? முகர்ந்து பார்த்தீர்களா? லேபிளில் வேறு என்னென்ன எழுதியிருக்கிறது?

அல்சூர் மகள்:
குளியலறை ஜன்னலோரம், வெள்ளைக் கண்ணாடி சீசா தாத்தா. பச்சை நிறம் மங்கிவிட்டது. லேசான சிக்கு வாடை. லேபிளில் வாசனைப் பொருள், லிமோனீன், லினலூல்.

சோப்புக்காரி:
அப்படியானால் சந்தேகம் அந்தக் கடைசி இரண்டின் மேல்தான். இரண்டும் மணத்துக்காகச் சேர்ப்பவை, காற்றுபட்டுப் பழசாகும்போது ஒவ்வாமை தரக்கூடியவை. அவகாடோ எண்ணெயை அமெரிக்க அழகுப்பொருள் ஆய்வுக் குழு 1980இலேயே பாதுகாப்பானது என்று மதிப்பிட்டுவிட்டது. ஆனால் பச்சை எண்ணெயில் குளோரோபில் இருப்பதால் வெளிச்சம் பட்டால் சீக்கிரம் கெடும். கடையிலிருந்து வரும்போதே கெட்டிருப்பதும் உண்டு: கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் சோதித்த சமையல் அவகாடோ எண்ணெய்களில் 82 சதவீதம் காலாவதி தேதிக்கு முன்பே சிக்கடித்தவை அல்லது கலப்படமானவை. வாசனை சேர்க்காததை, அடர்நிறச் சீசாவில், சிறிய அளவாக வாங்குங்கள்.

இரவுப்பணி நர்ஸ்:
ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அம்மாவுக்கு ரப்பர் கையுறை, பலூன் ஒத்துக்கொள்ளுமா? வாழைப்பழம்?

அல்சூர் மகள்:
எப்படிக் கண்டுபிடித்தீர்கள் அக்கா! கையுறை போட்டால் கை தடிக்கும். வாழைப்பழம் தின்றால் நாக்கு அரிக்கும். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) ஜூஸைத் தொடவே மாட்டார்.

இரவுப்பணி நர்ஸ்:
ரப்பர் பாலில் உள்ள புரதமும் இந்தப் பழங்களின் புரதமும் ஒரே சாயல் கொண்டவை. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது; செக்கில் பிழிந்ததில் துளி தங்கலாம். தேய்த்த சில நிமிடங்களில் அரித்ததா, மறுநாளா?

அல்சூர் மகள்:
மறுநாள்தான்.

இரவுப்பணி நர்ஸ்:
அப்போது வாசனைப் பொருள்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் தோல் மருத்துவரிடம் வாசனைப் பொருள், ரப்பர் ஒவ்வாமை இரண்டையும் சொல்லுங்கள். முதுகில் பட்டை ஒட்டிச் சோதிப்பார். அதுவரை அவகாடோ எண்ணெய் எதுவுமே வேண்டாம். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஜெயநகர் தாத்தா:
பலகைக்கு வருகிறேன். இது உலரும் எண்ணெய் இல்லை. எத்தனை நாள் விட்டாலும் பிசுக்காகவே கிடக்கும். சோப்புநீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். பிறகு தச்சர்கள் பூசும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசாகப் போதும். அந்தத் துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். உலரும்போது சூடு பிறந்து தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துப் போடுங்கள்.

அல்சூர் மகள்:
மீதி எண்ணெயில் விளக்கு ஏற்றலாமா தாத்தா?

ஜெயநகர் தாத்தா:
வாசனைப் பொருள் கலந்ததை எரித்து அந்தப் புகையை அம்மா சுவாசிக்க வேண்டுமா? பழைய செய்தித்தாளில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.