திறந்த விஸ்கி பாட்டிலுக்குள் நீர்த்துளி: யாராவது தண்ணீர் கலந்திருப்பார்களா?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
வணக்கம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ராணுவம்தான், அதனால் கேன்டீன் கோட்டா என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். தினமும் குடிக்கிற ஆள் இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்போடு ஒரு ஸ்மால், அதோடு சரி. பொங்கலுக்குத் திறந்த ஃபுல் இப்போதுதான் பாதிக்குக் கீழே வந்திருக்கிறது.

மாடி அறையில் இரும்பு பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். மேலே வெறும் தளம், பக்கத்தில் மேற்கு வெயில் வாங்கும் சுவர். கத்திரி ஆரம்பித்ததிலிருந்து விடியற்காலையில் பார்த்தால் பாட்டிலின் கழுத்துக்குக் கீழே, உள்பக்கமாக, முத்து முத்தாகத் துளிகள். பத்து மணிக்கு மேல் காணோம். லீவுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்து தங்கிவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளையிடம் வாய்விட்டுக் கேட்கிற விஷயமா இது? கரண்டியில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைத்துப் பார்த்தேன். நீலமாக எரிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

வாலாஜா வம்பு:
சார், தண்ணீர் கலக்கிறவன் அளவைச் சரிக்கட்டத்தானே கலப்பான்? பாட்டிலில் கோடு போட்டு வைத்தீர்களா?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
போடாமல் இருப்பேனா? அச்சாகக் கோட்டில்தான் நிற்கிறது. அதுதான் சந்தேகமே.

காட்பாடி லேப்காரன்:
ஐயா, அந்தத் துளி வெளியிலிருந்து வந்தது இல்லை. உங்கள் விஸ்கியே ஏறி இறங்குகிறது. பகலில் அந்த பீரோ அடுப்பு மாதிரி காயும். பாட்டிலின் மேல்பாதி காலியாக இருக்கிறதல்லவா, அந்த இடம் முழுக்க ஆல்கஹால் ஆவியும் நீராவியும் நிரம்பும். 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஆவியின் அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ராத்திரி மேலே உள்ள கண்ணாடி சீக்கிரம் குளிரும், கீழே உள்ள திரவம் மெதுவாகத்தான் குளிரும். சூடான திரவத்திலிருந்து கிளம்பும் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிவிடும். பாட்டில் நிறைந்திருந்தபோது காலியிடமே இல்லை, அதனால் கண்ணில் படவில்லை.

இன்னொன்று, அந்தத் துளி வெறும் தண்ணீரும் இல்லை. ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகும், ஆகவே துளியில் இருப்பது கீழே உள்ள சரக்கைவிடக் காட்டமானது. அளவும் சொற்பம். அரை பாட்டில் காலியிடத்தில் ஒரு நேரத்தில் ஆவியாக நிற்கக்கூடியது இரண்டு மூன்று சொட்டுதான். பாட்டிலை லேசாகச் சாய்த்து அதையும் உள்ளேயே கழுவி விடுங்கள்.

பற்றவைக்கிற சோதனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 40 சதவீதச் சரக்கு சுமார் 26 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி 20 சதவீதமாக்கினாலும் 36 டிகிரி போதும். நம் ஊர் மே மாதத்தில் அதுவும் எரியும், இதுவும் எரியும். லடாக் குளிரில் இரண்டுமே லேசில் பற்றாது, வேலூரில் விரல்தான் வேகும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
புரிந்தது தம்பி. ஆனால் துளி எப்படி வந்தது என்று தெரிந்ததே தவிர, கலப்படம் உண்டா இல்லையா என்பது அப்படியே நிற்கிறதே. லேபிளில் 42.8 சதவீதம், அதையே பழைய கணக்கில் 75 டிகிரி புரூஃப் என்று போட்டிருக்கிறது.

காட்பாடி லேப்காரன்:
நியாயமான கேள்வி. ஆல்கஹால் மீட்டர் என்று கண்ணாடிக் குழாய் மிதவை விற்கிறது, அதை வாங்குங்கள். ஆனால் அது பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறித்தது. சூடான சரக்கு அடர்த்தி குறைந்திருக்கும், மிதவை கூடுதலாக அமிழ்ந்து உண்மையைவிட அதிக சதவீதம் காட்டும். கலந்திருந்தாலும் வெயில் அதை மூடி மறைத்துவிடும். அதனால் அதே பிராண்டில் பிரிக்காத பாட்டில் ஒன்றையும் இதையும் ஒரே அறையில் ஒரு ராத்திரி வைத்து, காலையில் இரண்டிலும் மிதவையைப் போடுங்கள். ஒரே கோட்டில் நின்றால் விஷயம் முடிந்தது. சில சதவீதம் குறைந்தால் கலந்திருக்கிறது. மூடி தளர்ந்து ஆல்கஹால் கசிந்தாலும் குறையும்தான். ஆனால் அப்படியென்றால் மட்டமும் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

பாகாயம் மால்ட்:
கலப்படத்தைவிட உங்கள் பீரோதான் பெரிய எதிரி சார். அந்தச் சூடும் பாதிக்கு மேல் காற்றும் சேர்ந்தால் வாசனை போய்விடும், உடம்புக்குக் கெடுதல் இல்லாவிட்டாலும் குடிக்கச் சப்பென்று இருக்கும். முதலில் கீழ்வீட்டு இருட்டறைக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. நிமிர்த்தியே வையுங்கள், கார்க் உள்ள பாட்டிலைப் படுக்க வைத்தால் சரக்கு கார்க்கை அரித்துவிடும்.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
மீதியைக் காலியான பெப்சி பாட்டிலில் ஊற்றி வைக்கலாமா?

பாகாயம் மால்ட்:
ஐயோ, பிளாஸ்டிக் வேண்டாம். குவார்ட்டர் கண்ணாடி பாட்டிலைக் கழுவி, சொட்டு ஈரம் இல்லாமல் காயவைத்து, கழுத்துவரை ஊற்றி இறுக்க மூடுங்கள். 180 மில்லி போக மிச்சம் இருப்பதை வரும் ஞாயிறுகளில் முடித்துவிடுங்கள்.