மறு: ‘சிங்க்’குக்குத் தமிழ்ல என்ன? வடிகால், சேர்விடம், கடைமடை

வணக்கம் நண்பர்களே,

இழை நீண்டுக்கிட்டே போகுது, அதனால என் கருத்தை ஒரே மடல்ல போட்டுடறேன். லினக்ஸ்ல சத்தத்தை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பற மென்பொருள்களான பல்ஸ்ஆடியோவுலயும் பைப்வயர்லயும் வர்ற ‘சிங்க்’குக்கு (சத்தம் போய்ச் சேர்ற முனை) ‘கடைமடை’, ‘சோர்ஸ்’க்கு (சத்தம் கிளம்பற முனை) ‘தலைமடை’. இதுதான் என் முன்மொழிவு. ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல இந்தச் சொல்லு யார் கண்ணுல படப்போகுதுன்னு பாக்கணும். டெஸ்க்டாப்ல சத்தம் வரலன்னு வந்து நிக்கறவங்க கண்ணுலதான் படும். அதுல பாதிக்கு மேல நான் பாக்கறது ஒரே கதைதான்: புது மானிட்டர் வாங்கி எச்டிஎம்ஐ ஒயர்ல மாட்டியிருப்பாங்க, ஸ்பீக்கர் பழையபடி கேபினெட்டுக்குப் பின்னாடி பச்சை ஓட்டையில சொருகியிருக்கும், வீடியோ ஓடும், வால்யூம் 100ல இருக்கும், சத்தம் மட்டும் வராது. ஒயரை ஆட்டிப் பாப்பாங்க, ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, டிரைவர் போயிடுச்சுன்னு ஓஎஸ்ஸையே அழிச்சுட்டு மறுபடி போட்டவங்களும் இருக்காங்க. ஆனா சத்தம் அங்க நின்னுபோகவே இல்ல, மானிட்டருக்குப் போயிட்டே இருக்கு, அந்த மானிட்டருக்குள்ள ஸ்பீக்கரே கிடையாது, அவ்வளவுதான் விஷயம். டெர்மினல்ல பாக்டிஎல்ங்கற கட்டளையை வச்சு சிங்க்குகளைச் சுருக்கமா பட்டியல் போடச் சொன்னா ரெண்டு வரி வரும். எச்டிஎம்ஐ ஸ்டீரியோன்னு பேரு முடியற வரியோட கடைசியில ‘ரன்னிங்’னு இருக்கும், அனலாக் ஸ்டீரியோன்னு பேரு முடியற வரியில ‘சஸ்பெண்டட்’னு இருக்கும். அந்த ரெண்டு சொல்லைப் பாத்ததுமே நோய் தெரிஞ்சுடும். அந்த ரெண்டு வரியும் எதைப் பத்தின வரின்னு அவங்ககிட்ட தமிழ்ல சொல்லத்தான் நம்மகிட்ட சொல்லு இல்ல.

> ‘வெளியீட்டுச் சாதனம்’னு ஏற்கெனவே இருக்கே, அது போதாதா?

அமைப்புகள் திரைக்குப் போதும், அங்க இங்கிலீஷ் மூலத்துலயே ‘அவுட்புட் டிவைஸ்’னுதான் இருக்கு. ஆனா சிங்க் எல்லாமே சாதனம் இல்லையே. கம்பைன்-சிங்க்னு ஒண்ணு போட்டா ரெண்டு சவுண்டு கார்டுக்கும் ஒரே நேரத்துல சத்தம் போகும், அது எந்தப் பெட்டியிலயும் இல்ல. நல்-சிங்க்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் போற சத்தம் எங்கயும் கேக்காது. சவுண்டு கார்டையே கண்டுபிடிக்க முடியலன்னா ‘டம்மி அவுட்புட்’னு காட்டுமே, அதுவும் சாதனம் இல்ல, அதுக்குப் பின்னாடி நிக்கறது இந்த நல்-சிங்க்தான். இதையெல்லாம் சாதனம்னு சொல்லிட்டோம்னா, டம்மி அவுட்புட்னு வந்தா கார்டு கிடைக்கலன்னு அர்த்தங்கற முக்கியமான துப்பு மறைஞ்சு போயிடும்.

> அப்போ ‘வடிகால்’? நேர் பொருள், வெப்பத்தைக் கடத்தற ‘ஹீட் சிங்க்’குக்குக்கூட பொருந்தும்.

வடிகால்ங்கறது வேண்டாத தண்ணி வெளியேற வெட்டறது. இங்க வேணும்னு அனுப்புற சத்தம் போய்ச் சேருது, கழியல. வடிகால் கச்சிதமா பொருந்தறது நல்-சிங்க் ஒண்ணுக்குத்தான், அதுக்கு வேணும்னா தனியா எடுத்து வச்சுக்கலாம், மொத்த இனத்துக்கும் பேரா வைக்கக் கூடாது.

‘வாங்கி’ன்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார். ஒலிவாங்கின்னா மைக், இலங்கைத் தமிழ்ல அது அன்றாடப் புழக்கம், இங்கயும் எல்லாருக்கும் புரியும். மைக் சோர்ஸ் பக்கம். அதே ‘வாங்கி’யை சிங்க்குக்கு வச்சா தலைகீழா புரிஞ்சுக்குவாங்க, அதனால இது கண்டிப்பா வேண்டாம். ‘சேர்விடம்’ பொருள்ல குறையே இல்ல, ஆனா கோப்பு நகலெடுக்கறப்ப வர்ற ‘சேருமிடம்’ பக்கத்துலயே நிக்குது, ரெண்டும் ஒரே உதவிப் பக்கத்துல வந்தா குழப்பும். அப்படியே ‘சிங்க்’னு எழுதிடலாம்னா சமையக்கட்டுல பாத்திரம் கழுவற இடம்தான் ஞாபகம் வரும், துத்தநாகத்துக்கும் அதே எழுத்துதான்.

கடைமடைக்கு வர்றேன், அதாவது வாய்க்கால் தண்ணி கடைசியா போய்ச் சேர்ற பகுதி. டெல்டாக்காரங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. ஜூன் 12 மேட்டூர் திறந்தாங்கன்னா அதுக்கப்புறம் பேப்பர்ல தேடுற ஒரே செய்தி பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா இல்லையாங்கறதுதான். அணையில தண்ணி இருக்கும், ஆத்துல ஓடும், வாய்க்கால்லயும் வரும், கடைமடைக்கு மட்டும் வராது. சத்தம் வராத கம்ப்யூட்டர்ல நாம தேடறதும் இதேதான், ப்ளேயர் அனுப்புது, பைப்வயர் வாங்கித் தள்ளுது, கடைசியில எந்த மடைக்குத் திருப்பியிருக்கு? ‘சத்தம் எந்தக் கடைமடைக்குப் போகுது, பாத்தீங்களா?’ன்னு கேட்டா கேள்வியிலயே அடுத்த வேலை இருக்கு. ‘முன்னிருப்புக் (டீஃபால்ட்) கடைமடையை மாத்துங்க’ன்னு சொன்னா, பைப்வயரோட ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைப் போட்டு, நட்சத்திரக் குறி எந்த வரியில இருக்குன்னு பாத்து, ஸ்பீக்கரோட எண்ணை முன்னிருப்பா வைக்க அவங்களாலயே முடியும்.

சென்னையில யாருக்குக் கடைமடை தெரியும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வருஷா வருஷம் செய்தியில வர்ற சொல்லு, தெரியாதவங்களுக்கும் ‘கடை’, ‘மடை’ தனித்தனியா தெரியும், அது போதும்னு நினைக்கிறேன். இங்கிலீஷ்ல சிங்க்குங்கற சொல்லை முதல் தடவை பாக்கறவங்களுக்கு இந்த அளவு கூட புரியறதில்ல.

ஆனா ஒரு எதிர்ப்பு நிஜமாவே கனமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஒலி, வீடியோவை உறுப்பு உறுப்பா கோத்து ஓட்டற ஜிஸ்ட்ரீமர்ங்கற மென்பொருள்ல சிங்க்னா கடைசிங்கறது மட்டும் இல்ல. அங்க நடுவுல இருக்கற ஒவ்வொரு உறுப்புக்கும் ரெண்டு பக்கம் பேடு (இணைப்பு வாய்) உண்டு, தரவு உள்ள வர்ற பேடுக்கு சிங்க் பேடு, வெளிய போறதுக்கு சோர்ஸ் பேடுன்னு பேரு. வால்யூமை ஏத்தி இறக்கற நடு உறுப்புக்கே சிங்க் பேடு இருக்கறப்ப அதைக் கடைமடைன்னா தப்பு. அதனால அந்த ரெண்டுக்கும் ‘வரத்துவாய்’, ‘போக்குவாய்’னு தனியா வைப்போம். அதே ஜிஸ்ட்ரீமர்ல அல்சாசிங்க், பல்ஸ்சிங்க், ஃபைல்சிங்க்னு கடைசியில நிக்கற உறுப்புகள் இருக்கே, அதுங்களுக்குக் கடைமடை அப்படியே பொருந்தும். மூலத்துல ஒரு சொல்லு ரெண்டு வேலை செய்யுதுங்கறதுக்காக நாமும் ஒரே சொல்லை ரெண்டு இடத்துல திணிக்கணும்னு இல்ல.

இதனால இன்னொரு நல்லதும் நடக்குது. பல்ஸ்ஆடியோவுல ‘சிங்க் இன்புட்’னு ஒண்ணு வரும், கார்டோட உள்ளீட்டுத் துளைன்னு பல பேர் நினைச்சுக்கறாங்க. அது ஒரு ப்ளேயரோ பிரவுசரோ ஒரு சிங்க்குக்கு அனுப்பிட்டிருக்கற தாரை, மைக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இதை ‘உள்ளீடு’ன்னு மொழிபெயர்த்தா அந்தக் குழப்பம் தமிழ்லயும் வந்து உக்காந்துக்கும். நீர்வரத்து மாதிரி ‘கடைமடை வரத்து’ன்னு வச்சா யார் கிட்டேருந்து எங்க வருதுன்னு நேரா தெரியுது. பிரவுசர் சத்தம் மட்டும் எச்டிஎம்ஐக்குப் போகுது, மத்ததெல்லாம் ஸ்பீக்கர்ல கேக்குதுன்னு வர்றவங்களுக்கு ‘இந்த வரத்தை அந்தக் கடைமடைக்குத் திருப்புங்க’ன்னு ஒரே வரியில சொல்லிடலாம். பாவுகன்ட்ரோல்ங்கற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியோட பிளேபேக் தாவல்ல ஒவ்வொரு வரத்துக்கும் பக்கத்துல இருக்கற பட்டியல்ல அதைத்தான் செய்யறோம்.

கடைமடை சரியா இருந்தும் சத்தம் வரலன்னா அடுத்து பாக்க வேண்டியது டெர்மினல்ல ஓடற ஒலியளவுக் கருவியான அல்சாமிக்சர். எஃப்6 அழுத்தி சரியான கார்டை எடுத்துக்கிட்டு, பட்டைக்குக் கீழ ரெண்டு எம் இருந்தா எம் விசையைத் தட்டி ரெண்டு ஓவா மாத்தணும், முன்பக்க ஹெட்போன் ஓட்டை தானா ஸ்பீக்கரை அடைச்சு வைக்குதான்னு ஆட்டோ-மியூட்டையும் பாக்கணும். இந்த ‘மியூட்’டுக்கு ‘ஒலியடக்கு’ன்னு எழுதறவங்க பக்கம்தான் நான். ‘ஊமை’ன்னு பழைய பட்டியல் ஒண்ணுல பாத்தேன், பேச இயலாதவங்களைச் சொல்ற சொல்லை ஒரு பட்டன்ல ஒட்ட வேண்டாம், அதை எடுத்துடுவோம்.

மானிட்டர் சோர்ஸ் பாக்கி இருக்கு, இது திரை மானிட்டர் இல்ல. ஒவ்வொரு சிங்க்குக்கும் கூடவே ஒரு சோர்ஸ் பிறக்குது, அந்த சிங்க்குக்குப் போற சத்தத்தைத் திரும்ப எடுத்துப் பதிவு பண்ண. கடைமடையில இருந்து ஒரு தலைமடைன்னு சொன்னா இடிக்குது. ‘ஒட்டுக்கேள் மடை’ன்னு ஒருத்தர் தனி மடல்ல அனுப்பினார், ஒட்டுக்கேக்கறதுங்கறதுல ஒரு களவு தொனி இருக்கறதால எனக்கு ஒப்பலை. ‘கண்காணிப்பு மடை’ நீளமா இருக்கு, பட்டன்ல அடங்காது. இதுக்கு மட்டும் யாராவது நல்ல சொல்லு குடுங்க, மத்ததை ஞாயித்துக்கிழமை மொழிபெயர்ப்புக் கோப்புல ஏத்திடறேன், ஆட்சேபம் இருந்தா அதுக்குள்ள எழுதிடுங்க.

அன்புடன்