புத்தகம் போட்டால் பேசாத சொந்தம் தானாகத் தேடி வருமா?

ஈரமண்:
குடும்ப நினைவுக்குறிப்பு எழுதுவது பற்றி நேற்று பேசியபோது வெண்முகில் ஒரே போடாகப் போட்டார். குடும்பக் கதையைப் புத்தகமாக்கினால் வருடக்கணக்காகப் பேசாத சொந்தமும் தானே தேடி வருமாம். அவர் பெரியப்பா வீட்டார், அத்தை எல்லாரும் வெளியீட்டுக்கு வந்தார்களாம். அதை நம்பி நாலு பேர் எழுதக் கிளம்பிவிட்டார்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் புத்தகத்தை நானும் வாங்கிப் படித்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அத்தையின் முறிந்த திருமணம் பக்கம் பக்கமாக வருகிறது. ஒரே கேள்விதான். அச்சுக்குப் போகும் முன் அந்த அத்தியாயத்தை அத்தையிடம் காட்டினீர்களா, இல்லையா?

வெண்முகில்:
என் அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். விழா முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாட்டி சாவுக்குக்கூட வராதவர்கள் வந்து நின்றார்கள். சொத்து வழக்குக்குப் பிறகு அப்பா பெரியப்பாவை "அண்ணே" என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான். கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன். பார்க்காதவர் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஈரமண்:
அழுதார், சரி. எதற்காக அழுதார்? நாலு பேர் பார்க்கும் இடத்தில், மேடைக்குக் கீழே, வேறு என்ன செய்ய முடியும் அவரால்? காட்டினீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

பழையபேனா:
தம்பி, முன்கூட்டிக் காட்டினால் புத்தகமே வராது. ஒருவர் இந்த வரியை எடு என்பார், இன்னொருவர் அந்த ஆளையே எடு என்பார். கடைசியில் வாழ்த்துமடல்தான் மிஞ்சும். 1992-ல் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறு 'கருக்கு' வந்தபோது அவருடைய சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரை ஊருக்குள் விடவில்லை. பிறகு அதே மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2000-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு கிராஸ்வேர்ட் புத்தக விருது கிடைத்தது. வீடு வீடாகப் போய் அவர் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்குமா?

ஈரமண்:
ஐயா, நீங்கள் சொன்ன உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. தானாகத் தேடி வந்தார்களா? முதலில் கதவை அடைத்தார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பாமா எழுதியது சாதிக் கொடுமையை, திருச்சபைக்குள்ளேயே இருந்த பாகுபாட்டை. அந்த வலியில் அவரும் ஒருவர். அத்தையின் திருமணத்தில் வெண்முகில் யார்? அவர் பட்ட பாடா அது? அடுத்தவர் காயத்தைத் திறந்து காட்டிவிட்டு உறவு மலர்ந்தது என்று எழுதினால் எனக்குப் பொறுக்கவில்லை. காட்டினீர்களா?

நூலகப்பூனை:
அமெரிக்காவில் எழுத்தாளர் தாமஸ் உல்ஃப் 1929-ல் தன் ஊரையும் வீட்டையும் அச்சு அசலாக எழுதினார். அவர் ஊரான ஆஷ்வில் கொதித்தது. 1937 வரை அவர் ஊர்ப்பக்கம் போகவில்லை. புத்தகம் வந்தவுடன் சொந்தம் கூடும் என்பவர்கள் இந்த வருடங்களை எண்ணிப் பார்க்கட்டும்.

பழையபேனா:
அது நாவல். நினைவுக்குறிப்பு பற்றிப் பேசும் இடத்தில் நாவலைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். போன மாதம் குடும்ப மரம் பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள். படித்ததைக் காட்டிக்கொள்ள ஒரு இடம் வேண்டும் உங்களுக்கு.

நூலகப்பூனை:
போன மாதம் தவறான தகவல் தந்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் அதைக் கிளறவில்லை. நீங்களே கிளறுகிறீர்கள்.

கடைசிமருமகள்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் குடும்பத்திலும் ஒருவர் எழுதினார். என்ன எழுதினார் என்று யாரும் சண்டை போடவில்லை. யாரை விட்டார் என்பதில்தான் சண்டையே. படுத்த படுக்கையாக இருந்த மாமனாரை இத்தனை வருடம் பார்த்துக்கொண்டது என் ஓரகத்தி. அவள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வெளியூரிலிருந்து எப்போதாவது வந்து போன மகனுக்குத் தனி அத்தியாயம். குடும்பப் புகைப்படத்தில் ஓரமாக நின்றவளையும் பக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று வெட்டிவிட்டார்கள். இப்போது அவள் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. புத்தகம் சேர்த்து வைக்கும் என்று சொல்பவர்கள் அவளிடம் வந்து சொல்லுங்கள்.

வெண்முகில்:
வருத்தமாக இருக்கிறது. ஆனால் என் புத்தகத்தில் யாரையும் விடவில்லை. பெயர்களைக்கூட மாற்றித்தான் போட்டேன்.

ஈரமண்:
பெயரை மாற்றினீர்கள், சரி. "அப்பாவின் ஒரே தங்கை" என்றும் எழுதியிருக்கிறீர்களே. சொந்தத்தில் யாருக்குத் தெரியாது அது யார் என்று? வாசகருக்கு மறைத்தீர்கள், யாருக்கு மறைக்க வேண்டுமோ அவர்களுக்குத் திறந்து வைத்தீர்கள். அத்தை இனி ஒரு கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தவராக இருப்பார். கேள்வி அப்படியே நிற்கிறது. காட்டினீர்களா?

வெண்முகில்:
அத்தைக்கும் எனக்கும் நடுவில் இருப்பதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

ஈரமண்:
ஊருக்கே அச்சடித்து விற்ற பிறகு அது உங்கள் இருவருக்கும் நடுவிலா இருக்கிறது?

பழையபேனா:
பாதிப் பேர் இறந்துபோனவர்கள். அவர்களைப் பற்றி எழுத யாரைக் கேட்க வேண்டும்? சும்மா மிரட்டாதீர்கள்.

நூலகப்பூனை:
இந்தியத் தண்டனைச் சட்டம் 499-ஆம் பிரிவின் முதல் விளக்கத்தை எடுத்துப் பாருங்கள். இறந்தவரைப் பற்றி எழுதினாலும் அவதூறாகலாம். உயிரோடு இருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கும், நெருங்கிய உறவினரின் மனசைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தது என்றால் வழக்கு நிற்கும். 2024 ஜூலை முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு.

பழையபேனா:
வக்கீல் ஆகிவிட்டாரே! பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதே பிரிவில் விலக்கு இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? பாதியைப் படித்துவிட்டு வருவதே உங்கள் வேலை.

நூலகப்பூனை:
அத்தையின் விவாகரத்தில் என்ன பொதுநலன் இருக்கிறது? சொல்லுங்கள் பார்ப்போம்.

வெண்முகில்:
விவாகரத்து என்று நான் எங்கேயும் எழுதவில்லை. படிக்காமலே பேசுகிறீர்கள். இரண்டாம் பதிப்பு வருகிறது, பெரியப்பாவே முன்னுரை தருகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

ஈரமண்:
பெரியப்பாவின் முன்னுரையை யார் கேட்டார்கள்? அத்தையிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். மறுத்தால், மறுத்தார் என்றே போடுங்கள்.

பழையபேனா:
இரண்டாம் பதிப்பு எப்படி வர வேண்டும் என்று இவர் உத்தரவு போடுகிறார். நீங்கள் ஒரு புத்தகம் எழுதிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

நூலகப்பூனை:
நீங்கள் எழுதியது எத்தனை, பழையபேனா? போன மாதமும் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.