நாலு மாசம் பீரியட்ஸ் வரல, வீட்டுல சொல்லல

ஹாஸ்டல்வாசி:
இன்ஜினியரிங் சேர்ந்தப்போ 54 கிலோ. மெஸ் சாப்பாடு எனக்கு இறங்கல. காலை டிபனைத் தொடாம கிளாஸுக்கு ஓடுவேன், ராத்திரி பிஸ்கட். ஒன்றரை வருஷத்துல 45. "ஒல்லியாயிட்டியே, சூப்பர்"னு ஆளாளுக்குச் சொன்னதால அதுல ஏதோ கோளாறுன்னே தோணல. பீரியட்ஸ் நாப்பது நாள், ஐம்பது நாள்னு தள்ளிப்போய், நாலாவது செமஸ்டர்ல நாலு மாசம் வரவே இல்ல. ரூம்மேட்ஸ் எள்ளுருண்டையும் பப்பாளியும் வாங்கிக் கொடுத்தாங்க. தின்னதுதான் மிச்சம்.

அம்மா போன்ல "தலைக்குக் குளிச்சியாடி?"ன்னு கேட்டா "ஆச்சும்மா"ன்னு சொல்லிடுவேன். இல்லைன்னா அடுத்த கேள்வி என்னவா இருக்கும்னு தெரியாதா?

லீவுல மாட்டிக்கிட்டேன். ஸ்கேன் சென்டர்ல ஒரு லிட்டர் தண்ணியைக் குடிச்சிட்டு, முட்டிக்கிட்டு வர ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். "கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு வராண்டா முழுக்கக் கேக்குற மாதிரி ஒரு குரல். அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. ரிப்போர்ட்ல சினைப்பையில நீர்க்கட்டி. முதல் டாக்டர் மாத்திரை எழுதிட்டு, "கல்யாணமானா சரியாயிடும்"னார்.

ரெண்டாவது பார்த்த லேடி டாக்டர்தான் எடை எவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்டாங்க. தைராய்டுக்குப் பார்க்குற டிஎஸ்ஹெச், புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன், ரெண்டு டெஸ்டும் நார்மல். உடம்புக்குச் சாப்பாடு பத்தலைன்னா கருமுட்டையைத் தூண்டுற ஹார்மோனை மூளையே குறைச்சிடுமாம். இந்த வயசுல ஸ்கேன்ல குட்டிக் குட்டியா நிறைய தெரியறது சகஜம், அதை மட்டும் வச்சு பிசிஓடி, அதான் நீர்க்கட்டிப் பிரச்சினைன்னு முத்திரை குத்தக்கூடாதுன்னாங்க. நேரத்துக்குச் சாப்பிட்டு, அஞ்சு கிலோ ஏறினதும் வந்துடுச்சு.

அரியர்_ராணி:
இதைப் படிச்சிட்டு எல்லாரும் சாப்பிட்டா சரியாயிடும்னு விட்டுடாதீங்கப்பா. எனக்கு நேர் எதிர். முதல் வருஷத்துலயே 12 கிலோ ஏறி, தாடையோரம் முடி, முதுகெல்லாம் பரு, அறுபது நாளைக்கு ஒரு தடவை. நிஜமாவே பிசிஓஎஸ், அதே நீர்க்கட்டிப் பிரச்சினைதான். சுகரும் பார்க்கச் சொன்னாங்க, பார்டர்ல நிக்குது. த்ரெடிங் பண்றப்போ பார்லர் அக்கா கேட்ட கேள்வியாலதான் டாக்டர்கிட்டயே போனேன்!

கடைசி_பெஞ்ச்:
எனக்கு வராத பிரச்சினை இல்ல, நிக்காத பிரச்சினை. பிராக்டிகல் எக்ஸாமுக்காக மெடிக்கல் ஷாப்ல கேட்டு தள்ளிப்போடுற மாத்திரை வாங்கிப் போட்டேன். அதுக்கு முந்தியே ஏழெட்டு நாள் போகும், அந்தத் தடவை பதினொரு நாள். மாடிப்படி ஏறினா கண்ணு இருட்டும். ரத்தத்துல ஹீமோகுளோபின் 8.1, பொண்ணுங்களுக்கு 12 இருக்கணுமாம். டாக்டர் முதல்ல கேட்டது கடைசி ஆறு மாசத் தேதி. ஒண்ணுகூடச் சொல்லத் தெரியல.

ஹாஸ்டல்வாசி:
@கடைசி_பெஞ்ச் எங்க வீட்டுல இப்போ டெய்லி காலண்டர்ல பால் கணக்கு பக்கத்துலயே என் தேதியை வட்டம் போடுறோம். போன மாசம் சும்மா கேட்டேன், "உனக்கு எப்பம்மா?" கொஞ்ச நேரம் பேசல. "ஆறு மாசமாவே ஒழுங்கில்லடி"ன்னாங்க. திங்கக்கிழமை அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.