ஜிபிஎல் பில்லிங் மென்பொருளை மாற்றி எழுதினா, நம்ம பேருல விக்கலாமா?

பாளை பில்லிங்:
ஜிபிஎல் 2 உரிமத்துல (யாரும் மாத்தலாம், பகிரலாம்னு அனுமதிக்கிற கட்டற்ற மென்பொருள் உரிமம்) இருந்த ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்து ஜிஎஸ்டி, கிராம் கணக்கு விலை, தமிழ் ரசீது எல்லாம் சேர்த்திருக்கேன். டவுன் அல்வாக் கடைகளுக்கும் பத்தமடைப் பாய் வியாபாரிகளுக்கும் விக்கணும். பழைய பேரு, லோகோவை எடுத்துட்டா இது நம்மளது ஆயிருமா? எவ்வளவு மாத்தணும் அண்ணாச்சி?

தென்காசி நிரலர்:
அதுக்குச் சதவீதக் கணக்கே கிடையாது தம்பி. நீங்க எழுதின வரி உங்களுது, மூல வரி எழுதினவங்களுது. 1957 பதிப்புரிமைச் சட்டத்துல கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். உரிமையை வித்த பெறவும் "எழுதினது நான்"னு சொல்லிக்கிற உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியர்கிட்டயே வைக்குது.

பேரை மாத்தத்தான் வேணும். வர்த்தகக் குறிக்கு, அதாவது அந்தப் பேரு, லோகோவுக்கு, ஜிபிஎல் அனுமதி தரல. வர்த்தகக் குறிச் சிக்கலாலதான் டெபியன்ங்கிற லினக்ஸ் இயங்குதளம் 2006ல பயர்பாக்ஸ் உலாவியை ஐஸ்வீசல்னு பேரு மாத்தி வெளியிட்டது. ஆனா கோப்புகளோட தலைப்புல உள்ள பதிப்புரிமை வரியைத் தொடாதீங்க. அதுக்குக் கீழ உங்க வரியைப் போட்டு, மாத்தின ஒவ்வொரு கோப்புலயும் மாத்தின தேதியைக் குறிங்க.

பழைய பேரைத் தேடி ஒரே கட்டளையில எல்லாக் கோப்புலயும் மாத்தும்போதுதான் தப்பு நடக்கும். மூல ஆசிரியர் பேரும் சேர்ந்து அழிஞ்சிரும். உரிமக் கோப்பை விலக்கிட்டு ஓட்டுங்க. பெறவு கிட் டிஃப்ல (எந்த வரி மாறிருக்குன்னு காட்டுற கட்டளை) காப்பிரைட் வரி எதுவும் போயிருக்கான்னு பாருங்க.

வள்ளியூர்:
விலை எவ்வளவு வேணா வைக்கலாம். ஆனா மூலநிரலையும் (நிரலர் எழுதின வரிகள்) அதைக் கம்பைல் பண்ற, அதாவது ஓடுற நிரலா மாத்துற, ஸ்கிரிப்டுகளையும் பென்டிரைவ்ல கூடவே கொடுத்துருங்க. இல்லேன்னா, கேட்டா தருவோம்னு மூணு வருசம் செல்லுபடியாகிற எழுத்து உறுதி கொடுக்கணும். அதைக் காப்பாத்துறது பெரும்பாடு. வாங்கின கடைக்காரர் பக்கத்துக் கடைக்கு நகல் கொடுத்தா தடுக்க முடியாது, ஒப்பந்தத்துல தடையும் போடக்கூடாது. மீறினா ஜிபிஎல் 2 கொடுத்த உரிமை தானா போயிரும். அதனால நிறுவுறதுக்கும் வருசப் பராமரிப்புக்கும் காசு வாங்குங்க. எம்ஐடி, அப்பாச்சி மாதிரி தளர்வான உரிமம்னா மூலநிரல் தர வேண்டாம். ஆனா பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூட இருக்கணும்.

பாளை பில்லிங்:
தமிழ் ரசீதுப் பகுதி முழுக்க நான் எழுதினது. அதை மட்டும் மூடி வைக்கலாமா?

தென்காசி நிரலர்:
பில் விவரத்தை ஒரு கோப்புல வாங்கி, தனி நிரலா ஓடி அச்சடிச்சா, எந்த உரிமமும் போடலாம். பில்லிங் நிரலோட சேர்ந்து ஒரே நிரலா லிங்க் ஆகுதுன்னா, விக்கும்போது அதுவும் ஜிபிஎல்தான். முழுக்க உங்களுதுன்னு சொல்ல ஆசைப்பட்டா, அந்தப் பகுதியை இப்பவே பிரிச்சிருங்க. மத்ததுக்கு "இன்ன மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது"ன்னு முகப்புலயே போடுங்க.